9.8 வராத ஊசல்

வணக்கம் ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளி மாணவி. இந்த ஆண்டுதான் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். அண்ணன் சொல்லித்தான் உங்கள் கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் இயற்பியல் செய்முறை தனி ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். எங்கள் ஸ்டாப்வாட்ச் பத்தில் ஒரு வினாடி வரை காட்டும். நீளம் 25 செ.மீ. இருந்தபோது 20.6 வினாடி வந்தது. 50 செ.மீ.க்கு 28.7, 75க்கு 35.1, 100க்கு 40.4. கணக்குப் போட்டால் வரிசையாக 9.30, 9.59, 9.61, 9.68. சராசரி 9.54, புத்தகத்தில் இருப்பதோ 9.8. என் நோட்டில் சிவப்பு மையில் ‘மீண்டும் செய்க’ என்று வந்தது.

பக்கத்து மேசை நண்பனுக்கு 9.80, 9.81, 9.80, 9.79. ‘மிக நன்று’. பிறகு அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: விடை 9.8 என்று தெரியும், அதனால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை எழுதிவிட்டானாம்.

இன்னொன்று. கீழ் வகுப்பில், தண்ணீர் ஊற்றிய தட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தோம். ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்தில் தண்ணீர் ஏறுகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இதனால் தெரிகிறது என்று எழுதச் சொன்னார்கள். ஆனால் நான் பார்த்தபோது எரியும்வரை தண்ணீர் அதிகம் ஏறவில்லை, அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறியது. அதைச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பதை எழுது என்றார்கள். வெங்காயத் தோல் செல்லை வரைந்ததும் அப்படித்தான். பாதிப் பேர் நுண்ணோக்கியில் கண்ணை வைக்கவே இல்லை, புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்தோம்.

விடை முன்பே தெரிந்த சோதனையை எதற்குச் செய்கிறோம்? எனக்கு அறிவியல் கைவராதோ என்றும் பயமாக இருக்கிறது. நோட்டைத் திருத்தி எழுதிவிடட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

வருத்தத்தை எழுதுகிறவர்கள் பொதுவாக எண்களை எழுதுவதில்லை. நீங்கள் நான்கு நீளங்களையும் நான்கு நேரங்களையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டு நேராக வேலைக்கே போய்விடலாம்.

உங்கள் விடைகளைச் சராசரி போடாமல் வரிசையாகப் பாருங்கள். 9.30, 9.59, 9.61, 9.68. நீளம் கூடக் கூட விடை 9.8ஐ நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. கவனக்குறைவால் வந்த பிழையாக இருந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதறிக் கிடக்கும். உங்களுடையது ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அதுவும் நூல் குட்டையாக இருக்கும்போது அதிகமாக. இப்படி ஒழுங்கோடு வரும் பிழைக்குப் பின்னால் ஒரே ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும். சராசரி போட்டவுடன் அந்த ஒழுங்கு மறைந்துவிடும். 9.54 என்ற எண்ணிடம் எந்தத் துப்பும் கிடையாது.

காரணங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு விசாரிப்போம். குண்டை விட்டவுடன் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினீர்களா? அப்படியானால் 20 என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். விடை 10.9 வாக்கில் வந்திருக்கும். உங்களுக்குக் குறைந்திருக்கிறது, கூடவில்லை. ஆகவே அது இல்லை. குண்டை மிக அகலமாக இழுத்துவிட்டீர்களா? செங்குத்திலிருந்து 30 பாகை இழுத்தால் அலைவு நேரம் ஏறக்குறைய 1.7 சதவீதம் கூடும், விடை 9.5க்கு அருகில் இறங்கும். ஆனால் எல்லா நீளத்துக்கும் ஒரே கோணத்தில் இழுத்திருந்தால் எல்லா விடையும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும். அதுவும் பொருந்தவில்லை.

மூன்றாவதாக நான் சந்தேகப்படுவது உங்கள் அளவுகோலை. நீளத்தை எங்கிருந்து எங்கே வரை அளந்தீர்கள்? மேலே நூல் பிடிக்கப்பட்ட இடத்திலிருந்து குண்டில் நூல் முடிச்சிட்ட இடம்வரை என்றால், அது நூலின் நீளம். ஊசலின் நீளம் குண்டின் மையம்வரை போகும். குண்டின் ஆரத்தையும் சேர்த்தாக வேண்டும். பள்ளி ஆய்வகக் குண்டுகள் பல 2.5 செ.மீ. விட்டத்தை ஒட்டி இருக்கும், ஆகவே ஆரம் 1.25 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். 25 செ.மீ. ஊசலில் 1.25 விடுபட்டால் ஐந்து சதவீதப் பிழை. 100 செ.மீ. ஊசலில் அதே 1.25 ஒரு சதவீதம்தான். உங்கள் எண்கள் ஏறுவதும் அப்படித்தான்.

சேர்த்துப் பார்த்தேன். 26.25, 51.25, 76.25, 101.25 என்று நீளங்களை மாற்றி, உங்கள் நேரங்களில் கை வைக்காமல் அப்படியே வைத்துக் கணக்கிட்டால் 9.77, 9.83, 9.77, 9.80. ஏறுமுகம் போய்விட்டது. சராசரி 9.79.

இதைவிட அழகான வழி ஒன்று உண்டு, அதற்குக் குண்டின் ஆரம் தெரிந்திருக்கவே வேண்டாம். வரைபடத்தாளில் கிடை அச்சில் நீங்கள் அளந்த நீளத்தையும், செங்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் குறியுங்கள். (அலைவு நேரம் என்பது 20 அலைவுகளுக்கான நேரத்தை 20ஆல் வகுத்தது.) உங்கள் வர்க்கங்கள் 1.06, 2.06, 3.08, 4.08. நான்கு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. அந்தக் கோட்டைக் கீழ்ப்பக்கமாக நீட்டினால் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், கிடை அச்சை அதற்கு இடப்பக்கம் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவில் வெட்டுகிறது. நீங்கள் அளக்க மறந்த நீளம் அங்கே தானாக வந்து நிற்கிறது. கோட்டின் சாய்வை எடுத்தால், நீளத்தில் செய்த பிழை அதில் கலப்பதே இல்லை. 75 செ.மீ. கூடியதற்கு வர்க்கம் 3.02 கூடியிருக்கிறது. 39.48ஐ 0.75ஆல் பெருக்கி 3.02ஆல் வகுத்துப் பாருங்கள், 9.8 வரும். 39.48 என்பது ஊசல் சூத்திரத்தில் (முடுக்கம் = நான்கு பை வர்க்கம் × நீளம் ÷ அலைவு நேரத்தின் வர்க்கம்) வரும் நான்கு பை வர்க்கம்தான். ஆக, தவறாக அளந்த நோட்டுக்குள் சரியான விடை ஏற்கெனவே இருந்திருக்கிறது.

ஆனால் நான் சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்னொரு சந்தேக நபரும் இருக்கிறார்: ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல். ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாக நிறுத்தினால் குட்டை ஊசலுக்குத்தான் அடி பலமாக விழும், ஏனென்றால் அங்கே மொத்த நேரமே குறைவு. உங்கள் பிழையை முழுக்க விரலின் தலையில் கட்ட வேண்டுமென்றால் 25 செ.மீ.யில் அரை வினாடித் தாமதமும் 100 செ.மீ.யில் கால் வினாடித் தாமதமும் தேவைப்படுகின்றன. நூல் எவ்வளவு நீளம் என்று விரலுக்குத் தெரியாது என்பதால் நான் நீளத்தின் பக்கம் சாய்கிறேன். இருந்தாலும் கையால் அளக்கும் நேரத்தில் அந்தக் கால் வினாடி வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சோதித்துவிடலாம். 25 செ.மீ. ஊசலில் 20க்குப் பதில் 40 அலைவுகளை அளந்து பாருங்கள். நீளம்தான் குற்றவாளி என்றால் 41.1 அல்லது 41.2 வினாடி வரும். விரல் என்றால், தாமதம் ஒருமுறைதான் சேரும் என்பதால், 40.7 வாக்கில் நிற்கும். குண்டு ஓரத்தில் நிற்கும்போது எண்ணத் தொடங்காதீர்கள், அங்கே அது தயங்கித்தான் திரும்பும். நடுவில், மிக வேகமாகக் கடக்கும் இடத்தில், ‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்குங்கள்.

இனி உங்கள் நண்பன். அவனுடைய 25 செ.மீ. விடை 9.80 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஸ்டாப்வாட்ச் பத்தில் ஒரு வினாடிதான் காட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 25 செ.மீ. ஊசல் 20 அலைவுகளுக்கு 20.0 வினாடி எடுத்தால் விடை 9.87. 20.1 எடுத்தால் 9.77. இடையில் நிற்க வேறு படியே இல்லை. பலமுறை அளந்து சராசரி போட்டிருந்தால் ஒழிய, அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு யாராலும் 9.80ஐப் பெற முடியாது. அவன் நோட்டில் 20.07 போன்ற ஒரு நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன். கடிகாரம் காட்டாத ஓர் இலக்கம். அவனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. கற்பனையாக எழுதும் எண்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும், தேவைக்கு மேல் ஒழுங்காக இருந்து.

அவனை அதிகம் திட்டவும் எனக்கு மனமில்லை. விடை தெரிந்துவிட்டால் கண் அந்தப் பக்கமே போகும் என்பது பள்ளிப் பிள்ளைகளின் நோய் மட்டும் அல்ல. எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் நிறுத்தி எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் 1913இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய மதிப்பைவிட அரை சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. காற்றின் பாகுநிலைக்கு (துளியின் ஓட்டத்துக்குக் காற்று காட்டும் தடைக்கு) அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுத் தவறு, காரணம் அதுதான். அவருக்குப் பின் அளந்தவர்களின் விடைகள் ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போகாமல் சிறிது சிறிதாக மேலேறின என்று இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1974இல் மாணவர்களிடம் பேசியபோது சுட்டிக்காட்டினார். மில்லிகனின் எண்ணைவிட மிகவும் கூடுதலாக வந்தால் எங்கே தவறு என்று தேடினார்களாம். அருகில் வந்துவிட்டால் அவ்வளவாகத் தேடவில்லையாம். உங்கள் நண்பன் வேண்டுமென்றே செய்ததை, அவர்கள் தங்களை அறியாமல் செய்திருக்கிறார்கள்.

ஆசிரியரைப் பற்றிய உங்கள் மனக்குறையைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஒரு பாடவேளைக்குள் அத்தனை நோட்டுகளைத் திருத்துகிறவர் கடைசி வரியைத்தான் பார்ப்பார். பின்னோக்கி எழுதிய நோட்டுக்கு ‘மிக நன்று’ விழுந்தது அதனால்தான், அதில் நியாயம் இல்லை. ஆனால் உங்களுக்கு எழுதியது வசை இல்லை. ‘மீண்டும் செய்க’ என்பது எந்த ஆய்வாளருக்கும் சொல்லப்படக்கூடிய நல்ல யோசனை. எதை மாற்றிச் செய்வது என்ற ஒரு வரி கூட இருந்திருக்கலாம்.

விடை தெரிந்த சோதனை எதற்கு என்று கேட்கிறீர்கள். தராசு சரியா என்று பார்க்க எடை தெரிந்த படிக்கல்லைத்தான் தட்டில் வைக்கிறோம். செய்முறை வகுப்பில் புவியீர்ப்பை யாரும் புதிதாக அளக்கப் போவதில்லை. அங்கே அளக்கப்படுவது உங்கள் கை, உங்கள் கண், நீங்கள் அளவுகோலை வைக்கும் இடம். 9.8 என்று முன்பே தெரிந்திருந்ததால்தான் விடுபட்ட ஒன்றேகால் சென்டிமீட்டரை நாம் தேடவே தொடங்கினோம். விடை தெரியாத சோதனையில் 9.54ஐ அப்படியே நம்பியிருப்பீர்கள்.

எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடவும் கூடாது. விடை மாறி வந்தால் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று ஊக்கப்படுத்துகிறவர்கள் உண்டு. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் செவ்வாய்க் கோளைப் பார்ப்பதற்காகத் தென் அமெரிக்காவின் கயேனுக்கு அனுப்பப்பட்டார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் பூமத்திய ரேகைக்கு அருகிலிருந்த அந்த ஊரில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. வினாடியைச் சரியாகக் காட்ட ஊசலை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. வெப்பத்தில் உலோகம் நீண்டதால் இருக்குமோ என்ற கேள்வி எழாமல் இல்லை. அந்த நீட்சி இவ்வளவு வித்தியாசத்துக்குப் போதாது, அங்கே ஈர்ப்பே குறைவு என்று நியூட்டன் வாதிட்டார், பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகவும் வைத்தார். இன்று நமக்குத் தெரியும்: பூமத்திய ரேகையில் 9.78, துருவத்தில் 9.83. உங்கள் புத்தகத்தின் 9.8 கூட எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு தோராய எண்தான்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிஷேயின் வித்தியாசம் ஊசலின் நீளத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்தச் சிறிய வித்தியாசத்தை அவர் நம்பியதற்குக் காரணம், பல மாதங்கள் திரும்பத் திரும்ப நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளந்து பார்த்திருந்தார். உங்கள் 25 செ.மீ. அளவையில் ஸ்டாப்வாட்சின் ஒரு படி மாறினாலே விடை நூற்றில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. ஆகவே உங்கள் 9.30ஐ வைத்துப் பூமியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. அளவுகோலைப் பற்றித்தான் சொல்லலாம்.

மெழுகுவர்த்தி விஷயத்தில் நீங்கள் பார்த்ததுதான் சரி, எழுதச் சொன்ன விளக்கம் தவறு. இந்தத் தவறு பல பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. குவளைக்குள் ஆக்சிஜன் தீரும்வரை சுடர் எரிவதில்லை. காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்கு இறங்கும்போதே அணைந்துவிடும். செலவான அந்தக் கொஞ்சத்திலும் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயுவாகத் திரும்ப வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம் வெப்பம். குவளையைக் கவிழ்க்கும்போது உள்ளே அடைபடுவது சூடாகி விரிந்த காற்று, சில சமயம் விளிம்பு வழியாகக் குமிழிகள் வெளியேறுவதையும் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. நீங்கள் கண்ட ‘சட்டென்று’ அதுதான். நம்பாதவர்களுக்கு அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிக் காட்டுங்கள். ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஐந்தில் ஒரு பங்கு விளக்கத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வெங்காயத் தோலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த முறை கண்ணை வைத்துப் பாருங்கள். தடித்த கறுப்பு வளையத்தோடு வட்டமாகத் தெரிவது செல் அல்ல, காற்றுக் குமிழி. அயோடின் சாயம் இட்டும் சில செல்களில் உட்கரு தெரியாது. தெரிகிறவற்றிலும் அது பெரும்பாலும் நடுவில் இல்லாமல் சுவரோரமாக ஒதுங்கியிருக்கும். புத்தகத்தைப் பார்த்து வரைந்தவர்களின் படத்தில் எல்லா உட்கருவும் நட்டநடுவில் இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிவியல் கைவருமா என்பதை ஒரு ஊசலை வைத்து நான் சொல்ல முடியாது, நீங்களும் முடிவு கட்ட வேண்டாம். வகுப்பில் எழுதச் சொன்னதற்கு எதிராகத் தண்ணீர் எப்போது ஏறியது என்பதை இத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கவனித்தேன்.

நோட்டைத் திருத்தி எழுத வேண்டாம். பழைய எண்களை அழிக்காமல், அதன் கீழே புதிய தேதி போட்டு மூன்று வரி சேருங்கள்: நீளம் முடிச்சுவரை அளக்கப்பட்டது; குண்டின் ஆரம் இவ்வளவு; ஆரத்தைச் சேர்த்த பின் விடை இவ்வளவு. வரைபடத்தாளையும் ஒட்டி, ஆசிரியரிடம் நேரில் காட்டுங்கள். கடைசி வரியை மட்டும் பார்க்க நேரம் இருப்பவருக்கும் அந்தக் கோடு ஆதிப்புள்ளியைத் தவறவிடுவது கண்ணில் படும். ஆரத்தை என் ஊகத்திலிருந்து எடுத்து எழுதிவிடாதீர்கள், வெர்னியர் அளவியை வாங்கிக் குண்டின் விட்டத்தை நீங்களே அளந்து பாதியாக்குங்கள். அது 1.25க்கு எட்டாமல் வெறும் அரை சென்டிமீட்டர் என்று வந்தால் என் விளக்கம் விழுந்துவிடும். அப்போது 40 அலைவுகளுக்கு என்ன நேரம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், விரலை மறுபடி விசாரிக்கலாம்.